ரஸ்ட் கற்க வருபவருக்கு: கம்பைலர் தாங்கும், ஆலோசனைதான் இடறும்

சிங்கப்பூரில் ஓ நிலைக் கம்ப்யூட்டிங் பாடம் பைத்தான் நிரல்மொழியில்தான் நடக்கிறது. ஆகவே இங்கே ரஸ்ட் என்னும் இன்னொரு நிரல்மொழிக்கு வருபவர் பெரும்பாலும் பைத்தான் பழக்கத்தோடு வருகிறார். முதல் அடி விழுவதும் அதனால்தான். ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குக் கொடுத்துவிட்டுப் பழைய பெயரை மறுபடி தொடுவார். பைத்தானில் இரண்டு பெயரும் ஒரே பட்டியலைக் காட்டும். ரஸ்ட்டில் ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர்தான், அதனால் உரிமை புதிய பெயருக்குக் கைமாறிவிடும். இ0382 (E0382) என்ற பிழை எண்ணைக் காட்டி, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் நிறுத்திவிடும்.

நிறுத்துவதோடு விடாது. உரிமை எந்த வரியில் போனது, பிறகு எங்கே தொட்டீர்கள் என்று கோடிட்டுக் காட்டும், குளோன் (நகல்) செய்யலாமே என்றும் சொல்லும். கம்பைலரை இயக்கும் ரஸ்ட்சி (rustc) கட்டளையோடு எக்ஸ்பிளெயின் (--explain) சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு ஒரு பாடமே வரும். ரஸ்ட் சமூகத்தின் பெரிய நற்குணம் இதுதான்: பிழைச்செய்தி குழப்பினால் அதைக் கற்பவரின் குறையாக்காமல் கம்பைலரின் வழுவாகப் பதிந்து திருத்துகிறார்கள்.

சிக்கல், மனிதர்கள் தரும் பதிலில். பத்து வரி நிரலுக்கு ஒருவர் ரெஃபரன்ஸ் (உரிமை மாறாமல் இரவல் வாங்குவது) என்பார், அடுத்தவர் ஆர்சி (பல இடங்கள் பகிரும் உரிமை) என்பார், இன்னொருவர் லைஃப்டைம் (இரவல் எதுவரை செல்லும் என்ற குறிப்பு) என்பார். எல்லாமே சரி, புதியவருக்கு இப்போது தேவையில்லை, அவ்வளவுதான். பல தரவுகளைச் சேர்த்துவைக்கும் ஸ்ட்ரக்டுக்குள் ரெஃபரன்ஸ் வைத்தால் லைஃப்டைம் எழுத வேண்டும். அந்த ஸ்ட்ரக்ட் போகும் இடமெல்லாம் அதுவும் படரும். முதல் சில மாதம் ரெஃபரன்ஸுக்குப் பதிலாக, உரிமையுள்ள எழுத்துச்சரமான ஸ்ட்ரிங்கையே வைத்துக் குளோன் செய்யுங்கள். சிறு கருவிகளில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. "இது ரஸ்ட் முறையல்ல" என்பவர் சொல்லிக்கொண்டு போகட்டும்.

கணுக்களைச் சங்கிலியாய் இணைக்கும் லிங்க்ட் லிஸ்ட்டை முதல் பயிற்சியாக எடுக்காதீர்கள். இருபுறம் இணைந்த பட்டியலில் ஒவ்வொரு கணுவையும் இரண்டு பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். ஆர்சி, ரெஃப்செல் (இரவல் விதியை நிரல் ஓடும்போது சரிபார்க்கும் உறை) என்று தொடங்கிவிடும். சில பாதுகாப்புகளைத் தளர்த்தும் அன்சேஃப் என்ற சொல்லைப் போட்டுத் தப்பலாம் என்று தோன்றும். இரவல் விதிகளைச் சரிபார்க்கும் பாரோ செக்கரை அது அணைப்பதில்லை. அந்தச் சொல்லைக் கண்டதும் பதில் சொல்பவர்களின் பொறுமைதான் அணையும்.

பழைய பதில்களின் தேதியைப் பாருங்கள். 2018 டிசம்பரில் ரஸ்ட் 1.31 பதிப்பு வருவதற்கு முந்தியவை, இரவலை முடிக்கக் கூடுதல் அடைப்புக்குறி போடச் சொல்லும். இப்போது கடைசிப் பயன்பாட்டோடு இரவல் தானே முடிந்துவிடும்.

உதவி கேட்கும்போது பிழைச்செய்தியின் கடைசி வரியைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். கம்பைல் ஆகவில்லை என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. முதல் பிழையை முழுதாக எடுத்து, நிரலைச் சுருக்கி, உலாவியிலேயே ரஸ்ட்டை ஓட்டும் பிளேகிரவுண்டில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். நேரமும் முக்கியம், பதில் சொல்பவர் விழித்திருக்க வேண்டும்: இங்கே இரவு 9 மணி என்றால் கோடையில் பெர்லினில் பிற்பகல் 3, நியூயார்க்கில் காலை 9. நம் காலை 9 மணிக்கு பெர்லின் உறங்கிக்கொண்டிருக்கும்.