பம்பர் வின்ச்சா, கை வின்ச்சா? காட்டில் தனியாகச் சிக்கினால் நான் நம்புவது எதை

காட்டுத்தடங்களில் ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் கருவி, வாங்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது, முன் பம்பரில் உட்காரும் எலக்ட்ரிக் வின்ச் மேல்தான். நானும் அதைத்தான் வாங்குவதாக இருந்தேன். நண்பர்களின் வண்டிகளில் இயக்கிப் பார்த்து, நிறைய விசாரித்து, கடைசியில் வாங்கியது கையால் இயக்கும் வயர் ரோப் இழுவைக் கருவி. டிர்ஃபோர் என்று பிராண்டு பெயரையே சொல்லிப் பலரும் கேட்பார்களே, அந்த வகை. தனி வண்டியில் அடர்ந்த காட்டுக்குள் போகிறவர்களுக்கு அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வின்ச்சுக்குப் போகும் முன்பே பாதிச் சிக்கல் தீர்ந்துவிட வேண்டும். வண்டி நகரவில்லை என்று தெரிந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டயரில் காற்றைக் குறையுங்கள். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டி விடுங்கள். டிராக்‌ஷன் போர்டு (சக்கரத்துக்கு அடியில் வைக்கும், பல் வைத்த பிளாஸ்டிக் பலகை) இருந்தால் செருகிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பிடி மட்டும்தான் இல்லை என்றால் அதுவே போதும். ஆனால் வண்டியின் அடியில் இருக்கும் டிஃபரன்ஷியலோ சேஸியோ ஓர் அடிக்கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் போர்டால் பயனில்லை. சக்கரத்தைப் போர்டின்மேல் வெறுமனே சுழலவிட்டால் அதன் பல்லெல்லாம் உருகிப்போய்விடும். நீண்டு சுருங்கும் நைலான் கைனெடிக் ரோப் அருமையான பொருள், ஆனால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். அதை டிரெய்லர் மாட்டும் டோ பாலில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். அந்த இரும்புக் குண்டு பிய்த்துக்கொண்டு பறந்ததில் உயிர்கள் போயிருக்கின்றன.

ஆக, பேச்சு இதுதான்: ஒற்றை வண்டி, கூப்பிட ஆளில்லை, சுற்றிலும் மரங்கள்.

எலக்ட்ரிக் வின்ச்சின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. வேகம் உண்டு, உடம்பு நோகாது, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்கலாம், அல்லது ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே சக்கரத்தையும் மெதுவாகச் சுழலவிட்டு வின்ச்சுக்குக் கைகொடுக்கலாம். பரவலாக விற்கும் 9,500 பவுண்டு வின்ச் என்றால் ஏறக்குறைய 4,300 கிலோ இழுவை. வண்டியின் முழு எடையில் ஒன்றரை மடங்கு என்ற வழக்கமான கணக்குக்கு இது பெரும்பாலான ஜீப்புகளுக்குப் போதும். அந்த 4,300 கிலோ, கயிறு சுற்றும் உருளையான டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைக்கும் இழுவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும்.

கை வின்ச்சின் அமைப்பு வேறு. உள்ளே டிரம் கிடையாது. இரண்டு ஜோடித் தாடைகள் வயர் ரோப்பை மாற்றி மாற்றிக் கவ்வி, ஒவ்வொரு அசைப்புக்கும் சில சென்டிமீட்டராகக் கயிற்றைக் கடத்திக்கொண்டே போகும். டிரம் இல்லாததால் முதல் மீட்டரிலும் கடைசி மீட்டரிலும் ஒரே இழுவைதான். என்னிடம் இருப்பது 1,600 கிலோ ரகம். கைப்பிடியில் ஷியர் பின் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சுமை ஏறினால் முதலில் அது முறியும், கயிறு அறுபடாமல் தப்பிக்கும். மாற்றுப் பின் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வேகத்தைப் பொறுத்தவரை ஒப்பீடே கிடையாது: எலக்ட்ரிக் வின்ச் கொஞ்ச நேரத்தில் முடிக்கும் வேலைக்குக் கை வின்ச்சில் அரைநாள் போகலாம்.

கடைகளில் சிறிய டிரம்மும் பல்சக்கரமும் வைத்த ராட்செட் இழுப்பான்களையும் கை வின்ச் என்றே விற்கிறார்கள். நான் சொல்வது அதை அல்ல. அதில் சில மீட்டர் இழுத்ததுமே டிரம் நிறைந்துவிடும். மரக்கட்டையை நகர்த்த ஆகும், புதைந்த வண்டிக்கு ஆகாது.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: இழுக்கும் திசை.

காட்டில் வண்டி சிக்கும்போது, கிட்டத்தட்ட எப்போதும் நல்ல வழி பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் வந்த தடம் உங்களுக்குத் தெரிந்த தடம். சற்று முன்தான் அது உங்கள் வண்டியின் எடையைத் தாங்கியது. முன்னால் என்ன இருக்கிறது? மக்கிய இலைக்குக் கீழே களிமண்ணா, ஊற்றா, பாதி மக்கிய மரமா, எதுவும் தெரியாது. புதைந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். முன்னேறிய வேகத்தில் ஆக்ஸிலும் டயர்களும் தள்ளிய சேறு முன்பக்கம் கரைபோலக் குவிந்து நிற்கும். பின்பக்கம் சக்கரம் வெட்டிய பள்ளம் அப்படியே திறந்து கிடக்கும். முன்னால் இழுத்தால் அந்தக் கரையையும் சேர்த்து இழுக்கவேண்டும், பின்னால் இழுத்தால் சக்கரம் தன் தடத்திலேயே திரும்பி வரும்.

அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. சக்கரத்தின் மையம் வரை புதைந்தால், இழுக்கவேண்டிய எதிர்ப்பு வண்டியின் எடைக்குச் சமம். மையத்தைத் தாண்டி மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு. வந்த திசைக்கு எதிர்த்திசையில் இழுத்தால் அதில் ஏறக்குறைய 10 சதவீதம் கழியும். சரிவுக்கு, வழக்கமான தோராயக் கணக்குப்படி, ஒரு டிகிரிக்கு எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும்.

சாமான்களோடு 2,000 கிலோ வரும் வண்டி சக்கரத்தின் மையம் வரை புதைந்து, முகம் கீழே பார்க்க 15 டிகிரிச் சரிவில் நிற்கிறது என்று வையுங்கள். பின்னால் இழுக்க 1,800, சரிவுக்கு 500, ஆக 2,300 கிலோ. கை வின்ச்சின் 1,600 கிலோ ஒற்றைக் கயிற்றில் போதாது. ஸ்நாட்ச் பிளாக் என்ற கப்பி ஒன்றை மாட்டிக் கயிற்றை இரட்டித்தால் 3,200, உராய்வில் கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கிறது. மட்கார்டு வரை போயிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே முதலில் மண்வெட்டிதான்.

இதே வண்டியில் முன் பம்பரில் 9,500 பவுண்டு வின்ச் இருக்கிறது. பலம் ஏராளம். ஆனால் அந்தப் பலம் வண்டியை இன்னும் கீழே, இன்னும் உள்ளே மட்டும்தான் கொண்டுபோகும். கப்பி வைத்துத் திருப்பலாமே என்பார்கள். முன்னால் உள்ள மரத்தில் கப்பி, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று எத்தனை மாட்டினாலும், வின்ச் வண்டியை இழுப்பது கயிறு அதைவிட்டு வெளியேறும் திசையில்தான். சுற்றிக்கொண்டு வந்து பின்கொக்கியில் கட்டினால், பின்னால் இழுக்கும் விசையும் முன்னால் இழுக்கும் விசையும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதை மீறுவதற்கும் பின்பக்கம் கயிற்றை இரட்டிக்கவேண்டும், அவ்வளவு நீளக் கயிறு டிரம்மில் இருக்காது. வண்டிக்கு அடியில் கயிற்றை விட்டுப் பின்னால் எடுப்பவர்களும் உண்டு. பிரேக் பைப், சைலன்சர் எல்லாம் இருக்கும் இடத்தில், இழுபட்டு விறைத்த கயிறு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

முன்னும் பின்னும் கழற்றி மாட்டும்படி வின்ச்சை ஒரு தொட்டிலில் வைப்பது நேர்மையான தீர்வு. ஆனால் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை குடிக்கும் மோட்டாருக்குப் பின்பக்கம் வரை கனத்த கேபிள் இழுக்கவேண்டும். சேற்றில் நின்றுகொண்டு 40 கிலோவுக்கு மேல் வரும் ஒரு இரும்பைத் தூக்கி மாட்டவும் வேண்டும். அந்தச் செலவுக்கும் உழைப்புக்கும் கை வின்ச்சே வாங்கிவிடலாம் என்று எனக்குப் பட்டது.

கை வின்ச்சுக்கு முன், பின் என்பதே இல்லை. பின்கொக்கியில் கயிறு, பின்னால் உள்ள மரத்தில் கருவி. வண்டி பக்கச் சரிவில் சாயப் பார்த்தால் மேல்பக்க மரத்திலிருந்து ஒரு பிடி. குறுக்கே விழுந்த மரத்தை இழுத்து ஒதுக்க வேண்டுமா, அதற்கும் ஆகும். இன்னொரு சிறப்பு, இரண்டாவது நெம்புகோல். அதை அசைத்தால் சுமையோடு கயிறு பின்வாங்கும், வண்டியை விரல் விரலாகக் கீழே இறக்கலாம்.

ஓர் ஓடைக்கரையில் பின் இடது சக்கரம் முழுக்கப் போன சமயம் இதை நன்றாகப் பார்த்தேன். முதல் சில அசைப்புகளில் வண்டி அசையவே இல்லை. கயிறு விறைத்தது, மரத்தைச் சுற்றிய பட்டி ஒரு விரல் அளவு இறங்கி இறுகியது. கைப்பிடி கனத்துக்கொண்டே போனது. முழுச் சுமையில் 40 கிலோ அளவுக்கு அழுத்தவேண்டும், தோள் அதைச் சொல்லிவிடும். பிறகு சேறு ஒரு நீண்ட உறிஞ்சலோடு டயரை விட்டது. அங்கிருந்து ஒவ்வோர் அசைப்புக்கும் சக்கரம் தன் பள்ளத்திலேயே ஊர்ந்து மேலே வந்தது. நானும் நண்பரும் மாறி மாறி இழுத்தோம். அவசரமே இல்லை. எந்த நொடியில் கையை எடுத்தாலும் வண்டி அங்கேயே நிற்கும் என்ற தைரியம் பெரிய விஷயம்.

பராமரிப்பிலும் எனக்குக் கை வின்ச் பக்கம்தான் சாய்வு. பம்பரில் இருக்கும் வின்ச் மழையும் புழுதியும் தின்றபடி மாதக்கணக்கில் சும்மா இருக்கும், பிறகு ஒரே நாளில் முழுப்பலம் கேட்போம். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டில் ஈரம், இணைப்பில் பச்சை பூத்த துரு, டிரம்மில் ஒன்றுக்குள் ஒன்று புதைந்த கயிறு, இவையெல்லாம் அன்றுதான் தெரியவரும். அவ்வப்போது கயிற்றை முழுக்க விட்டு, லேசான சுமையோடு திரும்பச் சுற்றி வைத்தால் இதில் பாதி வராது. எத்தனை பேர் செய்கிறார்கள்?

கை வின்ச் பைக்குள் காய்ந்து கிடக்கும். கேட்பதெல்லாம் எண்ணெய். எஸ்ஏஇ 90 முதல் 120 வரையிலான கியர் ஆயிலை மேல் துளைகளில் தாராளமாக ஊற்றவேண்டும். கிராஃபைட்டோ மாலிப்டினம் டைசல்ஃபைடோ கலந்த எண்ணெய் கூடவே கூடாது, தாடையின் பிடி வழுக்கும். சேறு உள்ளே போனால் டீசலில் முக்கி அலசிவிட்டு மறுபடி எண்ணெய். கயிற்றை ஒரு துணியால் பிடித்து உருவிப் பார்ப்பேன், துணி எங்கே சிக்குகிறதோ அங்கே இழை முறிந்திருக்கிறது என்று பொருள். வெறுங்கையால் உருவ வேண்டாம், உள்ளங்கை கிழியும்.

கை வின்ச் தோற்கும் இடமும் உண்டு. இழுப்பவர் இழுபட்ட கயிற்றுக்கு அருகிலேயே நிற்கிறார். எலக்ட்ரிக்கில் இப்போது வரும் சிந்தெடிக் கயிறு லேசானது, அறுந்தாலும் இரும்புக் கயிறு அளவுக்குச் சீறிப் பாயாது. கை வின்ச்சின் தாடைக்கு அதற்கேயுரிய வயர் ரோப்தான் பொருந்தும். அதனால் கருவியை மரத்தின் பக்கம் வைத்து, கயிற்றின் நேர்க்கோட்டை விட்டு விலகி நின்று, கயிற்றின் நடுவே கனமான போர்வை ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். முற்றிலும் தனியாளாக இருந்தால் ஸ்டியரிங்கில் ஆள் இருக்காது, சக்கரம் எப்படித் திரும்பி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இழுக்கவேண்டும். 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டியில் இதை நான் முயன்றதில்லை, அந்த எடைக்கு 3,200 கிலோ ரகத்தைப் பார்ப்பது நல்லது. தோள், முதுகு தொல்லை உள்ளவர்களுக்கு எலக்ட்ரிக்தான். பல வண்டிகள் சேர்ந்து போகிறவர்களுக்கும், தடை வந்தாலும் முன்னே போய்த்தான் ஆகவேண்டும் என்ற வழிகளுக்கும் அதுவே.

எதை வாங்கினாலும் மரத்தைச் சுற்றிக் கட்ட அகலமான பட்டி ஒன்று வாங்குங்கள். வயர் ரோப்பை நேராக மரத்தில் சுற்றினால் பட்டையை வளையமாக அறுத்துவிடும், அந்த மரம் மெல்லச் சாகும். பட்டியை அடிமரத்தில் தாழ்வாகக் கட்டுங்கள், உயிருள்ள, வேரோடிய மரமாகப் பாருங்கள். ஸ்நாட்ச் பிளாக் வாங்கும்போது, இரட்டித்த கயிற்றில் அதன்மேல் விழுவது கயிற்றின் இழுவையைப் போல இரு மடங்கு என்பதை வைத்து அளவு கேளுங்கள். கை வின்ச்சோடு வழக்கமாக வரும் 20 மீட்டர் கயிறு, இரட்டித்ததும் 10 மீட்டர்தான் எட்டும். காட்டில் நல்ல மரம் எப்போதும் 10 மீட்டருக்குள் நிற்பதில்லை. ஆகவே கூடுதல் நீளத்துக்கு ஒரு நீட்டிப்புப் பட்டியையும், இணைக்கும் இரும்பு வளையங்களான ஷேக்கிள்களையும் அந்தப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.