கேள்வி கேட்டால் ‘அது உங்க ஈகோ’ என்கிறார்களா? அடுத்த லெவலுக்குப் பணம் கட்டாதீர்கள்

சிகிச்சை, தியானம், ஹீலிங், ஆளுமை வளர்ச்சி என்று எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், ஆளை விழுங்கும் குழுக்கள் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று ஆராய்ந்து பயனில்லை. விசித்திரமான நம்பிக்கையோடு யாருக்கும் தொந்தரவு தராமல் இருக்கும் குழுக்கள் ஏராளம். உளவியல் பாடநூலின் சொற்களை மட்டுமே பேசி நூற்றுக்கணக்கானவர்களின் வாழ்க்கையைக் கெடுத்த, உரிமம் பெற்ற சிகிச்சையாளர்களும் உண்டு. பார்க்க வேண்டியது ஒன்றுதான். ‘வேண்டாம்’ என்றோ ‘எனக்கு இது சரிப்படவில்லை’ என்றோ நீங்கள் சொன்னால், அந்தப் பேச்சை அங்கே என்ன செய்கிறார்கள்?

நேர்மையான ஆலோசகரிடம் குறை சொன்னால் அது குறையாகவே எடுத்துக்கொள்ளப்படும். முறையை மாற்றுவார், வேறொருவரிடம் அனுப்புவார், அல்லது நிறுத்திக்கொள்ளலாம் என்பார். இந்தக் குழுக்களில் குறை சொல்வதே உங்கள் நோயின் அறிகுறி ஆகிவிடும். ‘ரெசிஸ்டன்ஸ்’, ‘ஈகோ’, ‘பழைய கர்மா மேலே வருது’, ‘நெகட்டிவ் எனர்ஜி’ என்று குழுவுக்குக் குழு சொல் மாறும், வேலை மாறாது. உடம்பு தேறினால் முறையின் வெற்றி, மோசமானால் நீங்கள் முழுதாகச் சரணடையவில்லை. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் ஜெயிப்பது அவர்கள்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய வழக்குகளே சாட்சி. அமெரிக்காவில் 1958-இல் சார்லஸ் டெடரிச் தொடங்கிய சினனான், போதைக்கு அடிமையானவர்களை மீட்கும் இடமாகத்தான் புகழ் பெற்றது. ஒருவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் சேர்ந்து திட்டித் தீர்ப்பதற்கு அங்கே ‘தி கேம்’ என்று பெயர், அதுதான் சிகிச்சை. எழுபதுகளில் ஆண் உறுப்பினர்களைக் கருத்தடை அறுவைக்கு நெருக்கினார்கள், கணவன் மனைவியைப் பிரித்து ஜோடி மாற்றினார்கள். 1978-இல், அந்த அமைப்பை எதிர்த்து வழக்கு நடத்திய வழக்கறிஞர் பால் மொரான்ட்ஸின் தபால் பெட்டிக்குள் விஷப்பாம்பை வைத்தார்கள். கடி வாங்கிய அவர் பிழைத்துக்கொண்டார். நியூயார்க்கில் 1957-இல் தொடங்கிய சல்லிவன் இன்ஸ்டிடியூட்டில் சிகிச்சையாளர்களே பெற்றோரோடு உறவை அறுக்கச் சொன்னார்கள், யார் யாரோடு வாழலாம், யார் குழந்தை பெறலாம் என்று முடிவு செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1971 முதல் 1980 வரை நடந்த சென்டர் ஃபார் ஃபீலிங் தெரபியிலும் நோயாளிகளின் வேலை, எடை, துணை, கர்ப்பம் எல்லாம் சிகிச்சையாளர் கையில் இருந்தன. அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் உரிமத்தை இழக்க 1987 ஆகிவிட்டது. மூன்று இடங்களுக்கும் போனவர்கள் ஏமாளிகள் அல்ல, பலர் நன்றாகப் படித்தவர்கள். ‘என்னை யாரும் ஏமாற்ற முடியாது’ என்ற தைரியத்தோடு வருபவரை வளைப்பது இந்தக் குழுக்களுக்கு இன்னும் சுலபம்.

ஏமாற்று வேலை பெரும்பாலும் இலவச அறிமுக அமர்வில் ஆரம்பிக்கும். வாசலிலேயே உங்கள் பெயர் தெரிந்திருக்கும், ஐந்தாறு பேர் உங்களையே கவனிப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் முகவரிக்குக் கீழேயே ‘உங்கள் வாழ்வின் மிகப் பெரிய காயம் எது?’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதை எழுதித் தராதீர்கள். முறையான சிகிச்சையிலும் இந்தக் கேள்வி வரலாம், ஆனால் முதலில் யார் அதைப் படிப்பார், எங்கே வைப்பார், எப்போது அழிப்பார் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள்.

அடுத்தது இரண்டு மூன்று நாள் தங்கும் முகாம். காலையிலிருந்து நள்ளிரவு வரை அமர்வு, குறைந்த சாப்பாடு, நான்கு மணி நேரத் தூக்கம், போன் அவர்கள் கையில். இந்த நிலையில் யாருக்கும் சொந்தமாக யோசிக்கும் திறன் மங்கும், அழுகை எளிதில் வரும். அதன்மேல் வேகமூச்சுப் பயிற்சி வைப்பார்கள். தொடர்ந்து வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் கால்சியம் குறைவதால் உதடும் விரலும் மரத்துப்போகும், கைவிரல்கள் தாமாகவே உள்பக்கம் மடங்கி இறுகும். தலை லேசாகும், நெஞ்சு இறுக்கும், சிலர் கதறி அழுவார்கள். மூச்சு பழைய வேகத்துக்குத் திரும்பினால் எல்லாம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இது நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் காதருகே வந்து ‘உங்க பிளாக் உடையுது, விடாதீங்க’ என்பார்.

மீண்டு வந்தவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. ‘ஆனால் எனக்கு நிஜமாகவே ஏதோ நடந்ததே’ என்பார்கள். நடந்தது நிஜம்தான், அதற்குச் சொன்ன விளக்கம்தான் போலி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அந்த அனுபவத்தை மறுக்கவும் வேண்டாம், அதைக் கொடுத்தவருக்கு அடிமையாகவும் வேண்டாம்.

வலிப்பு, இதயநோய், கர்ப்பம், முன்பு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ (பைபோலார்) வந்த வரலாறு ஆகியவை இருப்பவர்களுக்கு இத்தகைய பயிற்சி ஆபத்தானது. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு, இருப்பவர்களைத் தள்ளிவைக்காத இடத்தில் பயிற்சியில் சேரவே வேண்டாம். 2009 அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனாவில் செடோனா அருகே சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஜேம்ஸ் ஆர்தர் ரே நடத்திய முகாமுக்குத் தலைக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கட்டணம். பட்டினி கிடந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை நீராவி நிறைந்த கூடாரத்துக்குள் உட்காரவைத்தார்கள். எழுந்து போக நினைத்தவர்களைத் தாக்குப்பிடிக்கச் சொன்னார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அலட்சியத்தால் உயிரிழப்பை ஏற்படுத்தியதாக 2011-இல் ரே தண்டனை பெற்றார்.

முகாமுக்குப் பிறகு வரும் ஆபத்துகளில் முதலாவது மாத்திரையை நிறுத்தச் சொல்வது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகத்தோடு திரும்பலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நெடுநாள் எடுத்த பென்சோடயசெபைன் வகை மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான வலிப்பு வரக்கூடும். இதற்குக் குழுவில் ‘டிடாக்ஸ்’ என்று பெயர் சொல்லி, நஞ்சு வெளியேறுகிறது என்று கைதட்டுவார்கள். மருந்தைக் குறைக்க வேண்டுமானால், எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, இல்லாத நினைவுகளைத் தோண்டுவது. ‘சின்ன வயசில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கு, ஞாபகம் இல்லைங்கறதே அதுக்கு ஆதாரம்’ என்று ஒருவர் சொன்னால் அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1995-இல் வெளிவந்த, உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வில், சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேட்டபோது, 24 பேரில் கால்வாசிப்பேர் அதை ஓரளவாவது நினைவுபடுத்திச் சொன்னார்கள். அதற்காகக் குழந்தைப்பருவக் கொடுமைகளே பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விடையைத் தன் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் கேள்வி கேட்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, உங்கள்மேல் அவர்கள் வைத்துக்கொள்ளும் பிடி. குழுவின் முன் சொன்ன அந்தரங்கம் குறிப்பாகவோ ஒலிப்பதிவாகவோ எங்கோ சேர்கிறது. அமெரிக்காவில் ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் நடத்திய நெக்ஸியம் என்ற அமைப்புக்குள் இயங்கிய ரகசியக் குழுவில் பெண்களிடமிருந்து ‘கொலாட்டரல்’ (பிணை) என்று நிர்வாணப் படங்களையும் குடும்பத்தைக் கெடுக்கும் வாக்குமூலங்களையும் வெளிப்படையாகவே வாங்கி வைத்தார்கள். அதன் தலைவர் கீத் ரனியருக்கு 2020-இல் 120 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான இடங்களில் யாரும் வாய்திறந்து மிரட்டுவதில்லை. ‘உன்னைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும்’ என்ற பாசமான ஒரு வரியே போதுமானதாக இருக்கிறது.

சேருவதற்கு முன்பே சோதிக்க வழி உண்டு. கடைசி லெவல் வகுப்பு வரை மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். உரிமம் உள்ளவர் என்றால் பதிவு எண்ணை வாங்கி, அந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் பதிவு மன்றத்தின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தலைவர்மீது புகார் என்றால் அவருக்குக் கீழே இல்லாத யார் விசாரிப்பார் என்று கேளுங்கள். விலகிப்போனவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். விலகியவர் எல்லோரும் பைத்தியம், துரோகி, பலவீனர் என்றால் நாளைக்கு உங்களுக்கும் அதே பட்டம்தான். பிறகு, காரணம் சொல்லாமல் ஒரு அமர்வுக்குப் போகாமல் இருங்கள். நல்ல இடத்திலிருந்து ஒரு விசாரிப்பு வரும், அவ்வளவுதான். கட்டுப்படுத்தும் குழுவிலிருந்து ஆள்மாற்றி ஆள் அழைப்பார்கள், வீட்டுக்கே வருவார்கள். ‘இன்று மட்டும் சலுகை’ என்பதற்கு ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்ற பதில் போதும். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ளே இருந்தால், விலகப்போவதை அறிவிக்காமல் விலகுங்கள். ‘கடைசியாக ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போ’ என்ற அழைப்புக்கு இணங்காதீர்கள். அங்கே மூன்று நான்கு பேர் உங்கள் பழைய வாக்குமூலங்களோடு காத்திருப்பார்கள். அதற்கு முன்பே அசல் சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள், மாத்திரைச் சீட்டுகள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். குழுவினர் யாருக்கும் தெரியாத மின்னஞ்சலைத் தொடங்கி, வங்கிக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலை அதற்கும், மீட்பு எண்ணை உங்கள் கையில் மட்டும் இருக்கும் போன் எண்ணுக்கும் மாற்றுங்கள். போனில் இருப்பிடப் பகிர்வை அணையுங்கள், வேறு கருவிகளில் உங்கள் வாட்ஸ்அப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குழு உரையாடல்களையும் ரசீதுகளையும் உங்களை நீக்குவதற்கு முன்பே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு பல நேரம் கிடைக்காது. எல்லாம் முடிந்தபின் இரண்டே வரி: ‘இன்று முதல் விலகுகிறேன். இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.’ காரணம் எழுதாதீர்கள். காரணம் எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு விவாதம் தொடங்கும், அதில் அவர்களுக்கு உங்களைவிடப் பழக்கம் அதிகம். மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், மிரட்டலைச் சேமித்துக் காவல்துறைக்கோ வழக்கறிஞருக்கோ கொண்டுபோங்கள். அடி உதையோ உள்ளே குழந்தைகளோ இருந்தால் காவல்துறைக்குப் போவதுதான் முதலில் வர வேண்டும்.

வெளியே வந்ததும் முதல் வேலை உடம்பு. தூக்கம், எடை, ரத்தசோகை இவற்றைப் பரிசோதியுங்கள். விட்ட மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்காதீர்கள். வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் லாமோட்ரிஜினைச் சில நாள் விட்டபின் முழு அளவில் எடுத்தால் உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம்.

மந்திரம், பாட்டு, ஊதுபத்தி வாசனை, தலைவரின் ஒரு சொல் இவற்றில் ஏதாவது காதிலோ மூக்கிலோ பட்டால் திடீரென்று பழைய நிலைக்குள் வழுக்கிப்போவது மாதக்கணக்கில் நடக்கும். பித்துப் பிடிக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். தேதி, நீங்கள் நிற்கும் இடம், கண்ணில் படும் ஐந்து பொருள்கள் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். எது தூண்டியது என்று எழுதி வையுங்கள். எழுதும்போது குழுவின் சொற்களைத் தவிருங்கள். ‘என் வைப்ரேஷன் கீழே போச்சு’ என்பதை ‘நேற்று சரியாகத் தூங்கவில்லை, அண்ணன் மேல் கோபமாக இருக்கிறேன்’ என்று மாற்றி எழுதினால், என்ன செய்யலாம் என்பது தானாகத் தெரியும். சட்டை வாங்குவதில்கூட முடிவெடுக்க முடியாமல் திணறுவீர்கள். அத்தனை நாள் வேறொருவர் முடிவெடுத்ததன் விளைவு அது, பழகப் பழகத் திரும்பும். நீங்கள் அழைத்துவந்தவர்கள் இன்னும் உள்ளே இருந்தால், விலகிவிட்டதையும் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதையும் சொன்னால் போதும்.

வெற்றிடம் தாங்காமல் உடனே இன்னொரு குழுவில் போய் விழுபவர்கள் உண்டு. ஆலோசகரைத் தேடும்போதும் நிதானம் வேண்டும். முதல் சந்திப்பிலேயே காயத்தைக் கிளறுபவர், நட்பு பாராட்டுபவர், தன் பிற வகுப்புகளை விற்பவர் வேண்டாம். இப்படிப்பட்ட குழுக்களில் சிக்கியவர்களோடு வேலை செய்தவர் கிடைக்காவிட்டால், குடும்ப வன்முறையிலிருந்து மீண்டவர்களோடு பழகியவரைப் பாருங்கள். கட்டுப்பாட்டின் அமைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

குடும்பத்தாருக்கு: கொள்கையைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், தலைவரைத் திட்டாதீர்கள். வெளி உலகம் பகை என்று உள்ளே சொல்லிக்கொடுத்ததை நீங்களே உறுதிப்படுத்தியதாகிவிடும். பிறந்தநாள், உடல்நலம், வீட்டுச் செய்தி என்று சிறு தகவல்களை நிறுத்தாமல் அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும். பணமாகக் கொடுக்காமல் பயணச்சீட்டு, மருந்து என்று பொருளாகக் கொடுங்கள். ஆளைக் கடத்திவந்து ‘தெளியவைக்கும்’ வழி எழுபதுகளில் அமெரிக்காவில் பரவலாக நடந்து, செய்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், குடும்பத்தைவிட்டு நிரந்தரமாக விலகிய பிள்ளைகளும் உண்டு.

பணம் அட்டை வழியாகப் போயிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்ப வழக்கமாக 120 நாள் அளவில்தான் அவகாசம் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். ‘நன்கொடை’ என்று எழுதி வாங்கியிருந்தால் மீட்பது கடினம், ஆனாலும் அமர்வுக்கான விலை என்று சொன்ன செய்திகள் இருந்தால் உதவும். பதிவு மன்றத்துக்குப் புகார் எழுதும்போது ‘மூளைச்சலவை செய்தார்கள்’ என்று எழுதினால் எடுபடாது. ரகசியத்தை வெளியிட்டது, மருந்து எழுதும் உரிமம் இல்லாமலே மருந்தை நிறுத்தச் சொன்னது, நோயாளியிடம் கடன் வாங்கியது, நோயாளியோடு பாலுறவு கொண்டது ஆகியவற்றைத் தேதி, தொகை, சாட்சி, நகலோடு எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு ‘அவர் சம்மதித்தார்’ என்பது தொழில் ஒழுங்குவிதிகளில் ஏற்கப்படும் சமாதானம் அல்ல. பலர் சேர்ந்து புகார் தருவதானால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமல் தனித்தனியே எழுதுங்கள். ஒரே வாசகம் இரண்டு மனுவில் இருந்தால், சொல்லிக்கொடுத்து எழுதவைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் காட்டும்.