பழைய மார்க்கெட்: இடம் மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய மீன் மார்க்கெட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று யோசனைகள் வரும். பைபாஸ் பக்கம் கொண்டுபோகலாம், இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பலாம், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே பழுது பார்க்கலாம். நான் மூன்றாவது கட்சி.

இடம் மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லாரி வந்து திரும்ப இடம் வேண்டுமே. சென்னையின் கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய் நிலைத்தும்விட்டது. ஆனால் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் கட்டிய வளாகத்தை 2017இல் திறந்தும் வியாபாரிகள் போகவில்லை. மூட்டைக் கணக்கில் வாங்குகிறவராவது தூரம் பார்க்காமல் போகலாம். நம்முடையது அரைக்கிலோ வாங்குகிறவர்களின் மார்க்கெட்.

மாடிக் கட்டடம் பார்க்க அழகுதான், மீனுக்கு ஆகாது. விடிந்ததும் பாம்பன் பக்கமிருந்து வரும் பஸ்ஸைப் பாருங்கள். சும்மாட்டின் மேல் அலுமினியச் சட்டியை ஏற்றிக்கொண்டு பெண்கள் இறங்குவார்கள். ஐஸ் தண்ணீர் ஒழுகி முதுகுப் பக்கம் சேலை நனைந்திருக்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடைத் திண்ணைக்கு இருக்கும் அந்த நூறு அடிதான் அவர்கள் வியாபாரம். மாடியில் கடை தருவார்களாமே என்று ஒரு ஆத்தாவிடம் கேட்டேன். "கீழ நகரை மீன் கிடைக்கிறப்ப எவன் தம்பி படியேறி வந்து வாங்குவான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாடியில் கடை கிடைத்தவர் பிழைப்புக்காகப் படிக்கட்டின் கீழ் வந்து உட்காருவார். அப்புறம் அதையே ஆக்கிரமிப்பு என்று எழுதுவார்கள்.

உப்புக்காற்றையும் மறக்கக்கூடாது. அது பட்டால் உள்ளே கம்பி துருவேறி வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். தனுஷ்கோடி இடிபாடுகளில் பவளக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1964 புயலுக்குப் பிறகும் நிற்கின்றன. இன்று பவளப்பாறையை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அதனால்தான் அந்த மாதிரிப் பழைய சுவர் எங்கே மிஞ்சியிருந்தாலும் அதை இடிக்க மனம் வரவில்லை. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

சரி, பழுது பார்ப்பது என்றால் வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதா? முதலில் தரை. தண்ணீர் தேங்காமல் வாட்டம், மூடிய வடிகால், ஐஸ் வைக்க இடம், பெண்களுக்குக் கழிப்பறை. வாசல் தெருவில் உட்காருகிறவர்களின் பெயர்களையும் விடாமல் எழுத வேண்டும். கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அகற்றக்கூடாது என்று 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டமே சொல்கிறது.

வேலைக்கான காலமும் கையிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், பாதித் திண்ணை காலியாகக் கிடக்கும். அந்தப் பாதியை ஒரு வருடம், மறு பாதியை அடுத்த வருடம் பெயர்த்துப் போட்டால் ஒருவரும் ஒரு நாள்கூட மார்க்கெட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.