பழைய கார் ஏசிக்கு வேக்குவம் ஹோஸ்: ரப்பரா, சிலிக்கானா?

1970களின் அமெரிக்க கார்கள் பலவற்றில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் காற்றுக் கதவுகளை இயக்குவது சிறு ஹோஸ்கள் வழியே வரும் இன்ஜின் வேக்குவம், அதாவது உறிஞ்சு விசைதான். மேடேறும்போது முகத்தில் அடித்த குளிர்காற்று திடீரென்று கண்ணாடிப் பக்கம் திரும்பினால், எங்கோ கசிகிறது. அல்லது வேக்குவம் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்கும் செக் வால்வு போய்விட்டது.

நைட்ரைல் ரப்பர் ஹோஸ் விலை குறைவு, பெட்ரோல், எண்ணெய் ஆவியைத் தாங்கும். ஆனால் இன்ஜின் சூட்டில் சில வருடங்களில் இறுகி, நுனியில் வெடிக்கும்.

சிலிக்கான் சூட்டுக்கு அசையாது. அதன் பலவீனம் வேறு: எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்து, ஹோஸ் மாட்டும் குழாய் முனையான நிப்பிளை விட்டு நழுவும், சுவர் மெல்லியதாக இருந்தால் வளைவில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். கலர் அழகைப் பார்த்து வாங்குபவர்கள் சுவர்த் தடிமனைப் பார்ப்பதில்லை!

இன்ஜினில் வேக்குவம் எடுக்கும் மேனிஃபோல்டிலிருந்து செக் வால்வு வரை ரப்பர், அதைத் தாண்டி வேக்குவத்தைச் சேமிக்கும் ரிசர்வாயரிலிருந்து டேஷ் வரை தடித்த சுவர் சிலிக்கான் என்பதே எங்கள் தேர்வு.

இறுகிய பழைய ஹோஸை இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நிப்பிள் முறியும். பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறி உரியுங்கள். மாற்றியபின் கேஜ் உள்ள வேக்குவம் கைப்பம்பால் 15 அங்குலம் மெர்குரி அளவுக்கு இழுத்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் முள் அசையக்கூடாது. இறங்கினால் ஹோஸை மட்டும் சந்தேகிக்காமல், காற்றுக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரின் டயஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் சவ்வு) தனியே சோதியுங்கள்.