நண்டை எண்ணுவதா, தண்ணீரைச் சோதிப்பதா?

சிங்கப்பூர் நன்னீர் நண்டு உலகில் வேறெங்கும் கிடையாது. 1986-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த 3 செ.மீ. நண்டு, தீவின் ஒருசில சிற்றோடைகளில்தான் தாக்குப்பிடிக்கிறது. ஓடையில் இருக்கிறதா என்று பார்க்க வழி இரண்டு.

ஒன்று, ராத்திரி டார்ச்சோடு இறங்கிக் கல்லைப் புரட்டி எண்ணுவது. இருட்டியபின் வனப்பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும், முதுகு விட்டுப்போகும். புரட்டிய கல்லை அதே வாட்டத்தில் திரும்ப வைக்காவிட்டால் நண்டின் வீடே போச்சு. ஆனால் கையில் சிக்கினால் ஆணா பெண்ணா, ஓட்டின் அகலம் எவ்வளவு, எல்லாம் தெரியும். முக்கியமாக, வயிற்று மடிப்புக்குள் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்க்கலாம். இதன் குஞ்சுகள் கடல் நண்டுபோல் நீரில் மிதந்து திரிவதில்லை. தாயின் மடிப்பிலேயே முழு நண்டாகப் பொரிகின்றன.

மற்றது, ஓடைநீரை வடிகட்டி, உயிரினங்கள் நீரில் உதிர்த்து வடிதாளில் தங்கும் டிஎன்ஏவை (மரபுப்பொருளை) ஆய்வகத்தில் தேடுவது. மீன், தவளைக்கு அருமையான வழி. நண்டுக்கு? கெட்டியான ஓடு, உதிர்வது கொஞ்சம்தான். மழை கொட்டினால் அதுவும் அடித்துப் போய்விடும். 'இல்லை' என்று வரும் விடையை நான் லேசில் நம்பமாட்டேன்.

புது ஓடைகளை முதலில் சலித்துப் பார்க்க வடிதாள் போதும். தொட்டியில் வளர்த்து ஓடையில் விட்ட நண்டுகள் பெருகினவா என்பதற்கு மட்டும் கல்லைப் புரட்டியே ஆகவேண்டும்.