பியர் கூலருக்குப் பக்கத்தில் இன்னொரு கூலர்: மினசோட்டாவின் கஞ்சா பானங்களோடு ஒரு கோடை

அமெரிக்காவின் மினசோட்டாவில், மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் இந்தக் கஞ்சா பானக் கேன்களைப் பார்த்திருப்பீர்கள். மதுக்கடையில் பியர் ஃபிரிட்ஜுக்கு அடுத்த ஃபிரிட்ஜிலேயே இருக்கும், பார்க்க சோடா மாதிரி, மேலே பழப் படம் போட்டு, ஒரு மூலையில் டி.எச்.சி (கஞ்சாவில் போதை தருகிற பொருள்) இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். நானும் ரொம்ப நாள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவன்தான். 2025 கோடையில்தான் முதல் முறையாக வாங்கினேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, பியரைக் குறை என்று சொல்லிவிட்டார், ஆனால் எங்கள் வீட்டில் மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேக்யார்டில் கரி அடுப்பு பற்றும், நான்கைந்து குடும்பம் வரும், அங்கே கையில் ஒன்றும் இல்லாமல் நின்று கறி திருப்புவது எனக்கு வராது. இது உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பியர் இருந்த இடத்தில் இது நிற்குமா என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி மதுக்கடைக்கு வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2018ல் அமெரிக்க விவசாயச் சட்டம் உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்குள் டி.எச்.சி இருக்கும் கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' என்று தனியாகப் பிரித்து அனுமதித்தது. அந்த ஹெம்பில் இருந்து எடுக்கும் டி.எச்.சியை உணவிலும் பானத்திலும் சேர்த்து 21 வயது நிரம்பியவர்களுக்கு விற்கலாம் என்று மினசோட்டா 2022 ஜூலை 1ல் சட்டம் கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம் வரை. பானமாக இருந்தால் ஒரு கேனில் 10 வரை என்பது பின்னால் வந்த திருத்தம். இங்குள்ள சிறிய பியர் ஆலைகள் உடனே பிடித்துக்கொண்டன. கேன் நிரப்பும் இயந்திரம், குளிர்ப்பெட்டி, லாரி எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததே! நார்த்ஈஸ்ட் மினியாபொலிஸில் இருக்கும் இன்டீட் ஆலை அந்த ஆகஸ்டிலேயே 'டூ குட்' என்று ஒன்றை இறக்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இருக்கும் எல்லாக் கேனும் பியருக்கு மாற்று என்ற பெயரில்தான் விற்கிறது. என் கணக்குப்படி 2 மில்லிகிராம் கேன் மட்டும்தான் அந்தப் பெயருக்குத் தகுதியானது. அஞ்சும் பத்தும் வேறு சாமான்.

ஏன் என்றால், பார்பிக்யூவில் பியர் குடிக்கிற விதம் அப்படி. யாரும் ஒரு கேனோடு நிறுத்துவதில்லை. ஒன்றைத் திறந்து பேசிக்கொண்டே காலி செய்வார்கள், அடுப்புப் பக்கம் போகும்போது இன்னொன்று, சாப்பாட்டோடு ஒன்று. மூன்று மணி நேரத்தில் கை தானாக மூன்று தடவை கூலருக்குள் போகும். அந்தக் கைப்பழக்கத்தை மாற்ற முடியாது, அதனால் அந்த வேகத்துக்குத் தாங்குகிற பானம்தான் மாற்றாக இருக்க முடியும். 2 மில்லிகிராமில் மூன்று கேன் போனால் மொத்தமே 6, அதுவும் மூன்று மணி நேரத்துக்குப் பரவி. புதிதாகத் தொடங்குகிறவர் அதற்கும் ஒன்றோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது, நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன்.

எனக்குப் பிடித்தது 'கேன்' (Cann) என்றே பெயர் வைத்திருக்கும் பிராண்டு (குழப்பமான பெயர்தான்). கலிஃபோர்னியாவில் 2019ல் தொடங்கியது, எட்டு அவுன்ஸ் சின்ன டப்பா, 2 மில்லிகிராம் டி.எச்.சி, கூடவே அதே செடியில் இருக்கும், போதை தராத சி.பி.டி 4 மில்லிகிராம். அதில் ப்ளட் ஆரஞ்சு, ஏலக்காய் சேர்த்த ஒன்று இருக்கிறது. திறந்ததும் முதலில் மூக்குக்கு வருவது ஏலக்காய்தான், பாயசத்தில் கடைசியாகத் தட்டிப் போடும்போது வருமே அந்த வாசனை. அப்புறம் ஆரஞ்சின் லேசான கசப்பு, சர்க்கரை குறைவு, நாக்கில் பிசுக்கு இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு மெல்லிய பச்சைக் கசப்பு தங்கும், கறிவேப்பிலைக் காம்பைக் கடித்த மாதிரி. அது டி.எச்.சி எண்ணெயின் ருசி. பிடிக்காதவர்களுக்கு அரை எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டுக் கொடுத்தேன், கசப்பு தெரியவில்லை. லெமன் லாவெண்டர் எனக்கு ஒத்துவரவில்லை, சோப்பு வாசனை. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்றவர், நாற்பது வருடம் பியர் குடித்துவிட்டு நிறுத்தியவர், அதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போதை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். டி.எச்.சி தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். இந்தப் பானங்களில் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு துளியாக உடைத்துத் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள், நானோ எமல்ஷன் என்பார்கள். அதனால் கஞ்சா மிட்டாய் தின்றால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஏறுவது இதில் கால் மணி, அரை மணிக்குள் தெரிந்துவிடுகிறது. தோள் கொஞ்சம் தளரும், பேச்சு கொஞ்சம் மெதுவாகும், சோளம் ரொம்ப ருசியாக இருக்கும். 2 மில்லிகிராமில் எனக்கு அவ்வளவுதான், ஒரு பியர் உள்ளே போன அளவு. மறுநாள் காலை தலைவலி இல்லை, வயிறு உப்பவில்லை, ஆறு மணிக்கு எழுந்து கரிச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். பியர் குடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைச் செய்ததே இல்லை.

பெரிய கேன் கதைக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாரும் படிக்க வேண்டும். ஜூலை 4 அன்று ஒரு நண்பர் தானே ஒரு ஆறு கேன் பெட்டி வாங்கிவந்தார், உள்ளூர் சரக்கு, பெயர் வேண்டாம். பன்னிரண்டு அவுன்ஸ் கேன், பியர் கேன் அளவேதான், எலுமிச்சை ருசி, உண்மையில் நான் குடித்ததிலேயே ருசியானது அதுதான். முன்பக்கம் முழுக்க எலுமிச்சைப் படம், 10 மில்லிகிராம் என்பது கீழே சின்ன எழுத்தில். வெயில் முப்பத்து மூன்று டிகிரி. தாகத்துக்கு ஒன்றைக் குடித்தார், இருபது நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்றையும் குடித்தார். வழக்கமே இல்லாத உடம்புக்கு 20 மில்லிகிராம்! முக்கால் மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது, நெஞ்சு படபடக்கிறது என்று என் கையைப் பிடித்து அவர் நெஞ்சில் வைத்தார், நிஜமாகவே குதிரை ஓடுகிற மாதிரி அடித்தது. பேஸ்மென்டில் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் மனைவியும் நானும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்திருந்தால் 911 அழைத்திருப்போம், அது இல்லை. வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான் தெளிந்தார். ஒரு மனிதரை ஐந்து மணி நேரம் பயமுறுத்திய அந்தக் கேனைப் பியருக்கு மாற்று என்று விற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாக, வீட்டுக்குள், பாதியாகப் பிரித்துக் குடிப்பவருக்கு அது சரியாக இருக்கலாம், பார்பிக்யூவுக்கு இல்லை.

இன்னொன்றும் அன்றைக்கே நடந்தது. அப்போது எல்லாவற்றையும் ஒரே கூலரில் போட்டிருந்தேன், அது என் தப்பு. மாமனார் திருநெல்வேலியில் இருந்து மூன்று மாதம் வந்திருந்தார், 68 வயது, பிரஷர் மாத்திரை எடுப்பவர். கூலரைத் திறந்து ஏலக்காய்க் கேனை எடுத்து, "இது என்ன மாப்ளே, ஆரஞ்சு ஜூஸா?" என்று மூடியில் விரலை வைத்துவிட்டார். "மாமா, அது வேண்டாம், போதைச் சரக்கு" என்று வாங்கி வைத்தேன். அவர் சிரித்துவிட்டு மோர் கேட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் எங்கள் ஏழு வயது மகள் நின்றுகொண்டிருந்தாள். பியரை ஒரு வாய் வைத்தால் குழந்தை துப்பிவிடும். இதை ஜூஸ் என்று முழுக்கக் குடித்துவிடும்.

அதற்கு அடுத்த வாரத்தில் இருந்து தனிக் கூலர். சிவப்பு நிறம், பூட்டுப் போடுகிற மாதிரி, அடுப்புக்குப் பக்கத்தில் என் காலடியில். மேலே மார்க்கரில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினேன். கேட்பவருக்கு நானே எடுத்துக் கொடுப்பேன், காலிக் கேனையும் நானே வாங்கிக் குப்பையில் போடுவேன், பாதி குடித்த கேன் மேசையில் நிற்காது. பியரும் இதுவும் கலந்து குடிக்க வேண்டாம் என்று வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றும், வாந்தி வரும். இது என் வீட்டுச் சட்டம் மட்டுமில்லை, மினசோட்டாவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து மது குடித்தவருக்கு அந்த இடத்திலேயே ஐந்து மணி நேரத்துக்குள் டி.எச்.சி பானம் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பியர் மாதிரியே இதற்கும் வழக்கு உண்டு.

சாப்பாட்டோடு எப்படி என்றால், காரத்தோடு பியரைவிட நன்றாகப் போகிறது. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்த கோழித் தொடையோடு அந்த ப்ளட் ஆரஞ்சு அருமை. மெரினாவில் தருவது போல எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தேய்த்த சுட்ட சோளத்தோடும். இங்கத்து ஆட்கள் கொண்டுவரும் பிராட்வர்ஸ்ட் சாசேஜோடு மட்டும் ஒட்டவில்லை. அதற்குப் பியரின் தானியக் கசப்புதான் வேண்டியிருக்கிறது, அந்த இடத்தில் ஆல்கஹால் இல்லாத பியர் வைப்பது நல்லது.

வாங்கும்போது கேனின் தேதியைப் பாருங்கள். அலுமினியக் கேனுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு நாள்பட டி.எச்.சியை உறிஞ்சிக்கொள்ளும், பழைய சரக்கில் எழுதியிருக்கும் அளவு இருக்காமல் போகலாம். ஒரு தடவை தள்ளுபடியில் வாங்கிய பெட்டி வெறும் சோடாவாக இருந்தது, அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். விலை ஒரு கேன் நான்கு டாலர் பக்கம் வருகிறது, சாதாரணப் பியரைவிட நன்றாகவே அதிகம். பன்னிரண்டு பேருக்கு வாங்கினால் கை கடிக்கும்.

நம் ஆட்களுக்கு என்று ஒரு விஷயம். வேலைக்குச் சேரும்போது சிறுநீர் பரிசோதனை இருந்தால், ஹெம்ப் பானமா கஞ்சாவா என்று அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும். விசாவில் இருப்பவர்களுக்குக் கஞ்சா விஷயத்தில் குடியேற்றச் சட்டம் கடுமையானது, மாநிலம் அனுமதித்ததை வைத்துத் தைரியமாக இருக்க முடியாது. வேலை மாற்றமோ கிரீன் கார்டோ ஓடிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம், என் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2025 நவம்பரில் அமெரிக்க அரசு கையெழுத்திட்ட நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு இருக்கிறது, ஒரு டப்பாவில் மொத்தமே 0.4 மில்லிகிராம் டி.எச்.சிக்கு மேல் இருந்தால் அது ஹெம்ப் இல்லை என்று. ஒரு வருடம் கழித்து, 2026 நவம்பரில் அமலுக்கு வருகிறது. என் நண்பரைப் படுக்க வைத்த 10 மில்லிகிராம் கேனும், பக்கத்து வீட்டுப் பெரியவர் நிம்மதியாகக் குடிக்கும் 2 மில்லிகிராம் கேனும் அதில் ஒன்றாகவே அடிபடுகின்றன. சட்டம் மாறாவிட்டால் 2026 கோடைதான் கடைசி. பெரிய கேனை நிறுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சின்னக் கேனை விட்டுவைத்திருக்கலாம். எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு அதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு ப்ளட் ஆரஞ்சு இரண்டு பெட்டி, பெரியவருக்காக லாவெண்டர் ஒன்று சொல்லியாயிற்று, சிவப்புக் கூலருக்குப் புதுப் பூட்டும் வாங்கிவிட்டேன்.