தவளைக்குத் தண்ணீர், ஆமைக்குக் கரை

பெருமழை பெய்த இரவில் புதுச்சேரியின் பாகூர் ஏரிப்பக்கம் போனால் முதலில் காதை நிறைப்பது தவளைதான். பெரிய வயல் தவளைகளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பக் கத்துகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி! பெண் தவளை ஓடில்லாத முட்டைகளை ஆயிரக்கணக்கில் தேங்கிய நீரில் விட்டுவிடும். ஓரிரு நாளில் தலைப்பிரட்டைகள் வெளிவரும், ஒன்றையொன்று தின்னும். குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்தாக வேண்டும்.

நன்னீர் ஆமையான பாலாமை சத்தமே போடுவதில்லை. கரையேறி, பின்னங்காலால் மண்ணைப் பறித்து, ஓடுள்ள சில முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்புகிறது. குஞ்சு பொரிக்க மாதக்கணக்காகும்.

முட்டையைக் காவல் காப்பது இரண்டுமே இல்லை. ஆனால் ஒரு மழைக்காலம் பொய்த்தாலும் அடுத்ததில் தவளை ஈடுகட்டிவிடும். முட்டையிடும் வயதுக்கு வரவே ஆண்டுகள் பிடிக்கும் ஆமைக்கு அது கடினம். தவளைக்கால் ஏற்றுமதி 1987-இல் தடை செய்யப்பட்டது. பாலாமையை வனவிலங்குச் சட்டம் காக்கிறது. எனக்கு ஆமையைப் பற்றித்தான் அதிகக் கவலை: கரைக்குச் சிமெண்ட் பூசினால் அது எங்கே குழி பறிக்கும்?